ஸ்க்ரூ, நட்டு, ஆணி எல்லாம் ஒரே டப்பாவில் கிடக்கிறது: வீட்டிலேயே எப்படிப் பிரித்து வைப்பது?

கேள்வி இதுதான்: பல வருஷமாகச் சேர்ந்த ஸ்க்ரூ, நட்டு, போல்ட், ஆணி, வாஷர், கொக்கி எல்லாம் இரண்டு பிஸ்கட் டின்னிலும் ஒரு மஞ்சப்பையிலும் கிடக்கின்றன. தேவைப்படும் நேரத்தில் ஒன்றும் கைக்குக் கிடைப்பதில்லை. மறுபடி கடைக்குப் போய் வாங்க வேண்டியிருக்கிறது. செலவில்லாமல் வீட்டிலேயே ஏதாவது செய்து ஒழுங்குபடுத்த முடியுமா, இல்லை குட்டி டிராயர்கள் உள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வாங்கிவிடுவது நல்லதா?

வீட்டிலேயே செய்யலாம், நன்றாகவே செய்யலாம். வாங்குவதா செய்வதா என்பதை மட்டும் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். ஆலைப் பராமரிப்பு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தெரிந்தவர்கள் வீட்டில் சின்னச் சின்ன ரிப்பேருக்குக் கூப்பிட்டால் போவேன். டப்பா போதாமல் திண்டாடுகிறவர்களை நான் பார்த்ததே இல்லை. எதை எதோடு வைப்பது என்று முடிவு செய்யாமலே பெரிய பெட்டியாக வாங்கி, அத்தனை அறையிலும் கலந்து போட்டு வைத்திருப்பவர்களைத்தான் பார்க்கிறேன். முதலில் பிரிப்பது, அதற்கப்புறம்தான் டப்பா.

பழைய வெள்ளை வேட்டியோ பெட்ஷீட்டோ விரித்து எல்லாவற்றையும் அதன் மேல் கொட்டுங்கள். வெள்ளைத் துணி ஏன் என்றால், சின்ன வாஷரும் ஸ்பிரிங்கும் அதில்தான் கண்ணுக்குத் தெரியும். வேலை முடிந்ததும் நான்கு மூலையையும் பிடித்துத் தூக்கிவிடலாம். கெட்டுப்போன ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் இருந்தால் அதை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, குவியலின் மேல் ஓட்டுங்கள். இரும்பு எல்லாம் கவரின் வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டு வரும். கவரை உள்வெளியாகத் திருப்பிக் காந்தத்தை உருவிவிட்டால், இரும்பு மொத்தமும் கவருக்குள் விழுந்துவிடும். துணியில் மிஞ்சுவது பித்தளை, அலுமினியம், பிளாஸ்டிக், அப்புறம் பெரும்பாலான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூக்கள். 304 வகை ஸ்டெயின்லெஸ் காந்தத்தில் ஒட்டாது, சிலது லேசாக ஒட்டலாம். குளியலறைக்கும் மொட்டைமாடிக்கும் தேவைப்படும் துருப்பிடிக்காத ஸ்க்ரூக்கள் இப்படிச் சிரமமில்லாமல் தனியாகக் கிடைத்துவிடும்.

அடுத்தது தூக்கிப்போடுவது. துருவேறியது, தலையில் வெட்டு தேய்ந்து ஸ்க்ரூடிரைவர் வழுக்குவது, மரை நசுங்கியது, வளைந்த ஆணி, எந்தப் பொருளிலிருந்து வந்தது என்றே தெரியாத பிளாஸ்டிக் துண்டு: இதெல்லாம் பழைய இரும்புக்காரருக்கும் குப்பைக்கும் போகட்டும். "என்றைக்காவது உதவும்" என்று மனசு சொல்லும். தலை தேய்ந்த ஸ்க்ரூ என்றைக்கும் உதவாது, அவசர நேரத்தில் அதையே கையில் எடுத்து மாட்டிவைத்து, மறுபடி கழற்ற முடியாமல் தவிக்க மட்டும் வைக்கும். வேலை செய்யும் இடத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ள ஜப்பான் தொழிற்சாலைகளிலிருந்து வந்த 5எஸ் முறையை எங்கள் ஆலையிலும் சுவரெல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். அதிலும் முதல் படி வேண்டாததை வெளியேற்றுவது, அடுக்கி வைப்பது இரண்டாவது. சுவரில் எழுதியதில் பாதி யாரும் படிக்காதது என்றாலும், இந்த வரிசை சரியானது.

இப்போது முக்கியமான இடம். எதை வைத்துப் பிரிப்பது? பெரும்பாலானவர்கள் பொருளை வைத்துப் பிரிப்பார்கள்: ஸ்க்ரூ ஒரு டப்பா, ஆணி ஒரு டப்பா, நட்டு ஒரு டப்பா. ஹார்டுவேர் கடைக்கு அது சரி, அங்கே ஆள் வந்து பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்கிறார். வீட்டில் நாம் பொருளைத் தேடுவதில்லை, வேலையோடு வருகிறோம். "காலண்டர் மாட்டணும்", "கதவுக் கீல் ஆடுது", "குழாய் சொட்டுது" என்றுதான் அந்த அலமாரிக்கு முன்னால் போய் நிற்கிறோம். ஆகவே வீட்டுக்கு வேலையை வைத்துப் பிரிப்பதே பொருந்தும்.

சுவரில் மாட்டும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே டப்பாவில் இருக்க வேண்டியவை: 6 மி.மீ. பிளாஸ்டிக் பிளக் (சுவர்த் துளைக்குள் செருகி ஸ்க்ரூவைப் பிடிக்கவைப்பது), அதற்கான 8 நம்பர் ஸ்க்ரூ 25, 35, 50 மி.மீ. நீளங்களில், 6 மி.மீ. கான்கிரீட் டிரில் பிட், ஒரு பென்சில், இரண்டு மூன்று கொக்கி. 8 நம்பர் ஸ்க்ரூவின் தண்டு ஏறக்குறைய 4.2 மி.மீ. தடிமன், அது 6 மி.மீ. பிளக்குக்குள் இறுகப் பிடிக்கும். பிளக் ஒரு இடத்திலும் ஸ்க்ரூ வேறு இடத்திலும் பிட் மிஷின் பெட்டியிலும் இருப்பதால்தான் ஐந்து நிமிஷ வேலை ஒரு சாயங்காலத்தைத் தின்றுவிடுகிறது. கொஞ்சம் கனமான அலமாரி மாதிரி பொருள்களுக்கு 8 மி.மீ. பிளக்கும் 10 நம்பர் அல்லது அதைவிடத் தடித்த ஸ்க்ரூவும் இன்னொரு டப்பாவில் இருக்கட்டும். இரண்டையும் கலக்காதீர்கள். 8 மி.மீ. துளையில் 6 மி.மீ. பிளக்கைச் செருகிவிட்டு, ஆடுகிறது என்று தீக்குச்சி சொருகுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது.

இதே மாதிரி மர வேலைக்கு ஒரு டப்பா: கீல் ஸ்க்ரூ, தாழ்ப்பாள் ஸ்க்ரூ, கைப்பிடி போல்ட், அலமாரித் தட்டைத் தாங்கும் சின்ன முளை. தச்சர்கள் இப்போது எல்லாவற்றுக்கும் அடிக்கிற கருப்பு ஸ்க்ரூவை இதில் தனி கவரில் போட்டு வையுங்கள். அது ஜிப்சம் பலகைக்காக வந்த ஸ்க்ரூ. கெட்டியானது, ஆனால் வளையாமல் ஒடியக்கூடியது, ஈரத்தில் சீக்கிரம் துருப்பிடிப்பதும்கூட. கனமான கதவின் கீலுக்கு அதைப் போட வேண்டாம்.

குழாய் வேலை டப்பாவில் டெஃப்லான் டேப், ரப்பர் வாஷர், ஃபில்டர் வலை, குழாய் வாயை அடைக்க ஒரு எண்ட் பிளக், இரண்டு குழாயை இணைக்க ஒரு உபரி நிப்பிள். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். "அரை இஞ்ச்" குழாய் என்று கேட்டு வாங்குவோம், அந்த மரையை ஸ்கேலில் அளந்தால் வெளிவிட்டம் சுமார் 21 மி.மீ. இருக்கும். அரை இஞ்ச் என்றால் 12.7 மி.மீ. தானே என்று குழம்ப வேண்டாம். அது பழைய இரும்புக் குழாயின் உள்விட்டக் கணக்கில் வந்த பெயர். முக்கால் இஞ்ச் மரை வெளியே சுமார் 26 மி.மீ. வரும். டப்பா மேல் இந்த இரண்டு எண்ணையும் எழுதி ஒட்டிவிட்டால், பிளம்பர் வராத ஞாயிற்றுக்கிழமை உதவும்.

எலக்ட்ரிகல் ஒரு டப்பா, சைக்கிளுக்கும் பைக்குக்கும் ஒரு டப்பா. பார்சலில் வந்து நாமே பூட்டிய மேஜை, நாற்காலி, கட்டிலுக்கு ஒரு டப்பா. இந்தக் கடைசி டப்பாவில் அலென் கீயையும் (ஆறு பக்கமுள்ள வளைந்த சாவி) சேர்த்தே வையுங்கள். அந்த மாதிரி சாமான்களில் எம்6, அதாவது 6 மி.மீ. போல்ட் அதிகம் வரும். உருளைத் தலையாக இருந்தால் 5 மி.மீ. அலென் கீ, குமிழ்த் தலையாக இருந்தால் 4 மி.மீ.

ஆறேழு வேலை டப்பா போதும், சராசரி வீட்டுக்கு அதற்கு மேல் வேண்டாம். ஸ்க்ரூ நீளத்துக்கு ஒரு டப்பா, தலை வடிவத்துக்கு ஒரு டப்பா என்று பிரித்துக்கொண்டே போனால், முதல் வாரம் பார்க்க அழகாக இருக்கும். அப்புறம் கையில் மிஞ்சிய நாலு ஸ்க்ரூவை எந்த அறையில் போடுவது என்று யோசிக்க அலுத்துப்போய், ஜன்னல் ஓரம் வைப்போம். அங்கிருந்து பழைய பிஸ்கட் டின் மறுபடி பிறக்கும். ஒரு டப்பாவைத் திறந்து பத்து விநாடிக்குள் தேவையானதை எடுக்க முடிகிறதா? முடிந்தால் அது போதுமான அளவு பிரிக்கப்பட்ட டப்பா. முடியாதபோது மட்டும் அதை இரண்டாக உடையுங்கள்.

நட்டும் போல்ட்டும் மட்டும் இதற்கு விலக்கு. அவற்றை அளவை வைத்தே பிரிக்க வேண்டும், ஏனென்றால் ஒன்றின் மரை இன்னொன்றில் ஏறாது. இதில் நம் ஊர்ச் சிக்கல் ஒன்று உண்டு. மெட்ரிக் அளவுகளுக்கான சட்டம் 1956-லேயே வந்துவிட்டது, ஆனால் ஹார்டுவேர் கடையில் இன்றும் இஞ்சும் நூலும் செத்துப்போகவில்லை. ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். "ரெண்டு நூல் போல்ட்" என்றால் கால் இஞ்ச், "மூணு நூல்" என்றால் 3/8 இஞ்ச். பழைய கேட், கிரில், கிணற்று மோட்டார் ஸ்டாண்டு இதிலெல்லாம் இருப்பது பெரும்பாலும் விட்வொர்த் மரை; இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1841-ல் முன்வைத்த அளவுமுறை. புதிய மிஷின், பைக், நாமே பூட்டும் சாமான்களில் இருப்பது மெட்ரிக்.

இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். எம்6 போல்ட் 6 மி.மீ., மரைக்கு மரை 1 மி.மீ. கால் இஞ்ச் போல்ட் 6.35 மி.மீ., ஒரு இஞ்சுக்கு 20 மரை, அதாவது மரைக்கு மரை 1.27 மி.மீ. கால் இஞ்ச் நட்டில் எம்6 போல்ட்டைப் போட்டால் லொடலொடவென்று உள்ளே போய்விடும், இறுக்கும்போது வழுக்கும். இதைவிட மோசமான ஜோடி எம்8-ம் 5/16 இஞ்சும். விட்டம் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் இரண்டு மூன்று சுற்று ஒழுங்காக ஏறிவிட்டுப் பிறகு சிக்கிக்கொள்ளும். அந்த இடத்தில் ஸ்பானரைப் போட்டு முறுக்கினால் இரண்டு மரையும் போச்சு.

இதற்கு ஒரு அளவுப் பலகை செய்துகொள்ளுங்கள். இந்தப் பதிலில் ஒரே ஒரு வேலைதான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள். ஒரு அடி நீளம், இரண்டு இஞ்ச் அகலத்தில் பிளைவுட் துண்டு போதும். பிளைவுட் கடையில் வெட்டி மிஞ்சியது கிடக்கும். கடையில் எம்3, எம்4, எம்5, எம்6, எம்8, கால் இஞ்ச், 5/16 இஞ்ச் அளவுகளில் போல்ட் ஒவ்வொன்றும் நட்டு இரண்டிரண்டும் வாங்குங்கள், போல்ட் நீளம் ஒன்றரை இஞ்ச் இருக்கட்டும். பலகையில் வரிசையாகத் துளை போட்டு, ஒவ்வொரு போல்ட்டையும் பின்னாலிருந்து செருகி, முன்னால் நட்டு போட்டு இறுக்கிவிடுங்கள். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரையில்தான் அடையாளம் தெரியாத நட்டைப் போட்டுப் பார்ப்பீர்கள். மிஞ்சிய நட்டை ஒவ்வொரு போல்ட்டுக்கும் கீழே எபாக்ஸி பசையால் ஒட்டுங்கள், மரைக்குள் பசை இறங்காமல். ஒட்டுவதற்கு முன்பே நட்டின் நடு வரும் இடத்தில் பலகையில் ஒரு துளை போட்டுவிட்டால் அடையாளம் தெரியாத போல்ட்டை அந்த நட்டில் ஏற்றிப் பார்க்கலாம். விரலால் கடைசி வரை தடங்கலில்லாமல் ஏறி, ஆடாமலும் இருந்தால் அதுதான் அளவு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அளவோடு ஸ்பானர் எண்ணையும் எழுதிவையுங்கள்: எம்5-க்கு 8, எம்6-க்கு 10, எம்8-க்கு 13.

நீளம் அளக்கும்போது ஒரு விஷயம். தலை மரத்துக்குள் பதிந்து சமமாகிவிடும் ஸ்க்ரூவுக்குத் தலையையும் சேர்த்து நீளம் சொல்வார்கள். தலை வெளியே உட்காரும் போல்ட்டுக்கும் வட்டத்தலை ஸ்க்ரூவுக்கும் தலைக்குக் கீழே இருந்து மட்டும்தான் அளவு. பலகையின் ஓரத்திலேயே ஒரு பழைய பிளாஸ்டிக் ஸ்கேலை ஒட்டிவிடுங்கள்.

சரி, இப்போது டப்பாவுக்கு வரலாம். டப்பாவுக்கு மூன்று குணம் வேண்டும்: எல்லாம் ஒரே அளவு, உள்ளே இருப்பது தெரிய வேண்டும், ஆழம் குறைவாக இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆழமான பாட்டிலை ஒவ்வொரு தடவை எடுத்து வைக்கும்போதும் சின்னது அடிக்குப் போகும், பெரியது மேலே வரும். கொஞ்ச நாளில் வாஷர் எல்லாம் அடியில் போய்ப் படிந்துவிடும். விரல் நுனி அடியைத் தொடும் ஆழம் போதும்.

இந்த மூன்று குணமும் இருக்கிற பொருள் காசில்லாமல் வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கிறது: ஹோட்டல் பார்சல் வருகிற செவ்வக பிளாஸ்டிக் டப்பா. ஒரே ஹோட்டலில் வாங்கினால் ஒரே அளவு. 500 மி.லி. அளவு இதற்கு எடுப்பானது. வெந்நீரில் சோப்புப் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு போகும் வரை கழுவுங்கள், இல்லாவிட்டால் தூசி அப்பும், எறும்பும் வரும். இந்த டப்பாக்கள் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். ஃபெவிக்விக், ஃபெவிகால் எதுவும் அதில் நிற்காது, கொஞ்ச நாளில் உரிந்து வந்துவிடும். கைப்பிடி வேண்டுமென்றால் முன்பக்கம் துளை போட்டு ஒரு சின்ன போல்ட்டும் நட்டும் மாட்டுவது நிலைக்கும்.

வெறுமனே ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் அடி டப்பாவுக்காக எல்லாவற்றையும் இறக்க வேண்டிவரும், அதனால் ஒரு சட்டம் செய்யுங்கள். அந்த டப்பாக்களுக்கு மேலே வெளிப்பக்கம் நீட்டிய விளிம்பு இருக்கும். அந்த விளிம்பையே தண்டவாளத்தில் உட்காரவைத்து டிராயராக ஓட்டலாம். 12 மி.மீ. பிளைவுட்டில் இரண்டு பக்கப் பலகை, மேலும் கீழும் ஒவ்வொரு பலகை. இரண்டு பக்கப் பலகைக்கும் நடுவிலுள்ள இடைவெளி, விளிம்போடு சேர்த்த டப்பா அகலத்தைவிட 2 மி.மீ. கூடுதல். பக்கப் பலகையின் உட்புறம் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் மெல்லிய மரப்பட்டை ஒட்டி, அரை இஞ்ச் பின் ஆணி அடியுங்கள். பட்டையின் தடிமன், விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அளவேதான். விளிம்பு அதன்மேல் உட்காரும், உடம்பு இரண்டு பட்டைக்கும் நடுவில் தொங்கும். ஒரு பட்டைக்கும் அடுத்ததற்கும் உயரம், டப்பா உயரத்தோடு 10 மி.மீ. பின்பக்கம் மெல்லிய பிளைவுட் அடித்தால் சட்டம் கோணாது, டப்பாவும் பின்னால் ஓடிப்போகாது.

பிளைவுட்டை வெட்டுவதற்கு முன்னால் இதே அளவில் அட்டைப்பெட்டியில் ஒரு டப்பாவுக்கு மட்டும் செய்து ஓட்டிப் பாருங்கள். விளிம்பு 5 மி.மீ.க்குக் குறைவாக இருந்தாலோ, தொட்டால் வளைகிற மெல்லிய டப்பாவாக இருந்தாலோ இந்த முறை வேண்டாம். தண்டவாளத்துக்குப் பதில் தட்டு போட்டு அதன்மேல் டப்பாவை நிறுத்திவிடலாம், கொஞ்சம் இடம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். டப்பாவைப் பாதிக்கு மேல் நிரப்பவும் வேண்டாம். இரும்பின் கனம் ஏமாற்றும். அரை லிட்டர் டப்பா நிறைய ஆணி போட்டால் சாதாரணமாக ஒரு கிலோவைத் தாண்டிவிடும்.

பிளைவுட் வேலையெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு ஏற்கெனவே உள்ள அலமாரித் தட்டின் அடிப்பக்கம் இருக்கிறது. ஒரே அளவு பிளாஸ்டிக் ஜாடிகளின் மூடியை அந்த அடிப்பக்கத்தில் ஸ்க்ரூ அடித்துப் பொருத்திவிட்டு, ஜாடியைத் திருகி மாட்டுவது. பழைய யோசனைதான், ஆனால் பாதிப்பேர் மூடிக்கு நடுவில் ஒரே ஒரு ஸ்க்ரூ அடிக்கிறார்கள். ஜாடியைத் திருகினால் மூடியும் சேர்ந்து சுற்றும். ஒரு மூடிக்கு இரண்டு ஸ்க்ரூ, தலைக்குக் கீழே வாஷர். தட்டு 12 மி.மீ. என்றால் அரை இஞ்ச் ஸ்க்ரூ போதும், நீளமானது மேலே முளைத்துக்கொண்டு நிற்கும். ஜாடிக்கு ஜாடி இரண்டு விரல் நுழைய இடைவெளி விடுங்கள். பழைய ஹார்லிக்ஸ் கண்ணாடி பாட்டிலில் செய்யலாமா என்று கேட்பீர்கள். பார்க்க அழகு, ஆனால் எண்ணெய்க் கையோடு தலைக்கு மேலிருந்து கழற்றும்போது ஒரு நாள் வழுக்கும். கண்ணாடி வேண்டாம். ஜாடி முறை வாஷர், கிளிப், கேபிள் டை மாதிரி லேசானவற்றுக்கு மட்டும். ஆழம் பற்றி மேலே சொன்ன குறை இதற்கும் உண்டு.

குழாய் எல்போ, கப்ளிங், கிளாம்பு மாதிரி பருமனானவற்றுக்கு 5 லிட்டர் எண்ணெய் கேன். கைப்பிடி இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கத்தின் மேல்பாதியைச் சாய்வாக வெட்டினால் கைப்பிடியோடு ஒரு வாளி கிடைக்கும். வெட்டிய ஓரத்தை உப்புத்தாளால் தேயுங்கள், கையைக் கிழிக்கும். மூக்குக்கண்ணாடி ஸ்க்ரூ, கடிகார ஸ்க்ரூ, தையல் மிஷின் ஸ்க்ரூ மாதிரிப் பொடிசுக்குத் தீப்பெட்டிகள். பன்னிரண்டு பெட்டியை ஒன்றோடொன்று ஒட்டி, சுற்றிலும் தடித்த தாள் சுற்றி, ஒவ்வொரு உள்பெட்டிக்கும் சட்டை பட்டன் ஒன்றைத் தைத்தால் கைப்பிடி ஆயிற்று. பள்ளிக்கூடக் கைவேலை மாதிரி இருக்கிறதென்று ஒதுக்காதீர்கள். பொடிசு விஷயத்தில் கடையில் விற்கிற எதையும்விட இது எனக்குப் பிடிக்கும். சமையலறையில் ஓய்வு பெற்ற அஞ்சறைப்பெட்டி இருந்தால் அதுவும் நல்லது. ஆழமில்லாத கிண்ணங்கள், தனித்தனியாக வெளியே எடுக்கலாம், வேலை நடக்கும் இடத்துக்கே கொண்டுபோகலாம்.

பெயர் எழுதும்போது மார்க்கரால் டப்பாவில் நேராக எழுதினால் கை பட்டுப் பட்டு அழிந்துவிடும். தாளில் எழுதி மேலே அகலமான செல்லோடேப் ஒட்டுங்கள். பெயருக்குப் பக்கத்தில் உள்ளே இருக்கும் பொருளில் ஒன்றையும் டேப் போட்டு வெளியே ஒட்டிவிடுவது இன்னும் மேல். "8 நம்பர் 35" என்று எழுதியதை நீங்கள் மட்டும்தான் புரிந்துகொள்வீர்கள். ஒட்டிய ஸ்க்ரூவை வீட்டில் எல்லோரும் பார்த்து எடுப்பார்கள், எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்கவும் வாய்ப்பு அதிகம்.

அடிக்கடி தீர்ந்துபோகிற பொருளுக்கு ஆலை ஸ்டோர் முறை ஒன்று உண்டு. வாங்கிய பாக்கெட்டில் ஒரு கைப்பிடியை எடுத்துச் சின்ன கவரில் போட்டு முடிச்சுப் போட்டு, அதே டப்பாவின் அடியில் வைத்துவிடுவது. மேலே இருப்பது தீர்ந்து, முடிச்சை அவிழ்க்கும் அன்றைக்குக் கடைச் சீட்டில் எழுதிவிட வேண்டும். 8 நம்பர் ஸ்க்ரூ, பிளக், கேபிள் டை, குழாய் வாஷர் இந்த நான்குக்கும் இப்படிச் செய்தால் போதும்.

வைக்கும் இடத்தைப் பற்றி. ஸ்க்ரூ டப்பா இருக்கும் அலமாரியில் கக்கூஸ் கழுவும் ஆசிட், பிளீச்சிங் பவுடர் இரண்டும் இருக்கவே கூடாது. ஆசிட் பாட்டில் மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் கொஞ்சம் ஆவி கசியும், அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சில மாதத்தில் அந்த அலமாரியின் கீலிலிருந்து ஸ்பானர் வரை செந்நிறமாகிவிடும். "கடற்காற்றுங்க" என்று சொல்லும் எத்தனையோ வீட்டில் குற்றவாளி இந்தப் பாட்டில்தான். உண்மையிலேயே கடலோரத்தில் இருப்பவர்கள், சென்னையோ நாகப்பட்டினமோ தூத்துக்குடியோ, மூடி போட்ட டப்பாவும் உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலமும் வைக்கலாம். ஆனால் செருப்புப் பெட்டியில் வந்த பொட்டலம் ஏற்கெனவே ஈரம் குடித்து முடித்திருக்கும். நிறம் மாறும் வகையை வாங்கினால் நீலம் ரோஸ் ஆனதும் சூடாக்கி ஈரத்தை ஓட்டி மறுபடி போடலாம். ஆணிக்கும் போல்ட்டுக்கும் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுக் குலுக்குவது இதைவிட எளிது. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசினாகிவிடும்.

எலக்ட்ரிகல் டப்பாவில் பேட்டரி போடாதீர்கள். 9 வோல்ட் பேட்டரியின் இரண்டு முனையும் ஒரே தலையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒரு ஸ்க்ரூ குறுக்கே விழுந்தால் ஷார்ட் ஆகிச் சூடேறித் தீப்பிடிக்கவும் செய்யும். முனைகளில் டேப் ஒட்டித் தனியாக வையுங்கள். ரிமோட், எடை மிஷினில் வரும் வட்டக் காசு பேட்டரி இன்னும் ஆபத்து. குழந்தை விழுங்கிவிட்டால் உணவுக்குழாயில் சிக்கி, இரண்டு மணி நேரத்திலேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம் அது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மேலே சொன்ன சட்டம், ஜாடி எல்லாமே அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

கடைசியாக, பெட்டி வாங்கலாமா என்ற கேள்வி. மேலே சொன்ன மாதிரி பிரித்துப் பார்சல் டப்பாவில் ஒரு ஆறு மாதம் ஓட்டுங்கள். எந்த டப்பா தினமும் திறக்கிறது, எது திறக்கவே இல்லை, எது நிரம்பி வழிகிறது என்று அதற்குள் தெரிந்துவிடும். அதற்கப்புறமும் டிராயர் பெட்டி வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக வாங்குங்கள். கடையில் மூன்றைப் பாருங்கள். டிராயரை முழுக்க இழுத்தால் கீழே விழாமல் தடுக்கும் நாக்கு பின்னால் இருக்க வேண்டும். உள்ளே போட்டு எடுக்கக்கூடிய தடுப்புத் தகடு கூடவே வர வேண்டும். பின்பக்கம் சுவரில் மாட்டத் துளை இருக்க வேண்டும், ஏனென்றால் மேல் டிராயர்களில் இரும்பு நிறைந்து இரண்டை ஒரே நேரத்தில் இழுத்தால் நிற்கவைத்த பெட்டி முன்னால் சாயும். எல்லா அறையும் ஒரே குட்டி அளவில் இருக்கும் பெட்டியை விட்டுவிட்டு, கீழே இரண்டு மூன்று பெரிய அறை உள்ளதாக எடுங்கள். வேலை வாரியாகப் பிரித்தால் பிட்டும் அலென் கீயும் சேர்ந்து உள்ளே போக வேண்டும், குட்டி அறையில் அது நுழையாது.